கீழே யாரும் சாவதில்லை

"தலையைக் கொஞ்சம் தூக்குங்கப்பா. வார் எட்டல."

ஜெனோன் தாடையைத் தூக்கிக் கொடுத்தார். தொங்கிப்போன கழுத்துத் தோலை விரலால் ஒதுக்கிவிட்டு யோலா கொக்கியை மாட்டினாள். சுற்றுலா வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி. மேலிருந்து விழுகிற எதையும் அது தடுத்துவிடப் போவதில்லை. போட்டோ எடுத்துக்கொள்ள நன்றாக இருக்கும், அவ்வளவுதான். இதே உப்புச் சுரங்கத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வுபெற்ற மனிதர் மகளுக்கு முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். யோலாவுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

"எப்படி இருக்கேன்?"

"வாத்து மாதிரி இருக்கீங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, வீட்டுக்குப் போயிடலாம். மாடிப்படியே ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"நான் எங்க ஏறப்போறேன்? இறங்கத்தானே போறேன்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், காபிக்கடையின் கடைசி மேசையில் அம்மா ப்ரோன்யா உட்கார்ந்திருந்தாள். எலுமிச்சை போட்ட டீ டம்ளரில் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. மடியில் அப்பாவின் கனத்த கறுப்புக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு கீழே நடப்பது பாரம் என்று அவள்தான் வாங்கி வைத்துக்கொண்டாள். வெளியே நவம்பர் மழை. திரும்பி வந்ததும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மா அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறாள் என்பதையே யோலாவால் நம்ப முடியவில்லை. டாரெக் செத்த நாளுக்குப் பிறகு அவள் இந்தத் தெருப்பக்கம்கூட வந்ததில்லை. ரொட்டி வாங்கப் போவதற்கு இரண்டு தெரு சுற்றிப் போவாள். டாரெக் யோலாவின் அண்ணன். அவன் சாகும்போது யோலா பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கே தலை நரைத்துவிட்டது.

"ஒருத்தர் பின்னால ஒருத்தர் வாங்க!" என்று வழிகாட்டி ஹூபெர்ட் கையைத் தட்டினான். "யாரும் தொலைஞ்சு போயிடாதீங்க. போன வருஷம் தொலைஞ்ச மாமியாரை இன்னும் தேடிக்கிட்டிருக்கோம். மருமகன்தான் தேட வேணாம்னு கெஞ்சறாரு!"

வூட்ஜ் நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்த ஓய்வூதியக்காரர்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜெனோனும் சிரித்தார். அவர் சிரித்து யோலா பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

இந்த ஊர்ச் சுரங்கக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கீழே யாரும் சாவதில்லை. பாறை விழுந்து நசுக்கினாலும், உப்புத் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து மூழ்கடித்தாலும், ஆளைக் கூண்டு லிப்ட்டில் ஏற்றி மேலே கொண்டுவரும்வரை செத்துவிட்டான் என்று ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். டாக்டரும் மேலேதான் பார்ப்பார். வழி நெடுக அவனோடு பேசிக்கொண்டே வரவேண்டும். தாழ்ந்த விட்டம் வந்தால் குனியச் சொல்ல வேண்டும், திருப்பம் வந்தால் திருப்பம் என்று சொல்ல வேண்டும். மேலே காத்திருக்கிற வீட்டு மனுஷர் ஒருவர் அவன் முகத்தைப் பார்த்து "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்காதவன் தான் மேலே வந்தது தெரியாமல் கீழேயே தங்கிவிடுவான். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். குடித்திருக்கும்போது சுரங்கக்காரர்களும் சிரிப்பார்கள். கூண்டில் கால் வைத்த பிறகு யாரும் சிரித்ததில்லை.

டாரெக் உப்பு வெட்டப் போய்ச் சாகவில்லை. அப்போதே உப்பு வெட்டுவதை நிறுத்தியாகிவிட்டது. இனி சுற்றுலாதான் சோறு போடும் என்று முடிவாகி, பழைய கூடங்களைச் சுத்தம் செய்து, தரை சமன்படுத்தி, விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய கூடத்தின் கூரையிலிருந்து பலகைபோல் ஒரு பாளம் பெயர்ந்து அவன் மேல் விழுந்தது. ஜெனோன் அடுத்த கூடத்தில்தான் வேலையில் இருந்தார். ஓடினார். சற்று நேரம் கழித்துக் கீழேயிருந்து தொலைபேசியில் மேலே பேசினார். தகவல் கேட்டு ஓடிவந்த ப்ரோன்யாவும் யோலாவும் கூண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"டாரெக்குக்கு அடிபட்டிருக்கு. கூட்டிட்டு வரேன்," என்றார் மனைவியிடம்.

ப்ரோன்யா சுரங்கக்காரக் குடும்பத்துப் பெண் இல்லை. வடக்கே ரயில்வேக்காரர் வீட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கூட்டிட்டு வரேன் என்றால் உயிரோடு கூட்டிக்கொண்டு வருவார்கள் என்றுதான் அவளுக்குத் தெரியும். "சட்டை கிழிஞ்சிருக்கும். அந்த நீலச் சட்டையை எடுத்துட்டு ஓடிவா," என்று மகளை வீட்டுக்கு விரட்டினாள். யோலா ஓடினாள். அண்ணன் வருகிறான், பிழைத்துவிட்டான் என்று வழியில் போகிறவர்களிடமெல்லாம் கத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு ஓடினாள். சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது கூண்டு மேலே வந்திருந்தது. டாரெக்கின் முகத்தின் மேல் யாரோ தங்கள் மேல்சட்டையைப் போட்டிருந்தார்கள்.

அப்பா பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "சொல்லு ப்ரோன்யா. வந்தாச்சுன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு." அம்மா அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். "உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே என்கிட்ட பொய் சொன்னேல்ல?" என்றாள். அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சொல்லையும் சொல்லவில்லை.

அந்த அடிக்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். அம்மா டாரெக்கின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். செத்தவர்களுக்கு விளக்கேற்றுகிற புனிதர்கள் நாளில் ஊரே கல்லறையில் சாமந்தியும் விளக்குமாக நிற்கும்போது குடும்பக் கல்லறை முன்னால் அம்மாவும் மகளும் மட்டும் நிற்பார்கள். ஜெனோன் வரமாட்டார். "அங்க யாரும் இல்ல," என்பார். பெற்ற மகனுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றாத மனுஷன் என்று ஊர் காறித் துப்பியது. யோலாவும் மனதுக்குள் துப்பியிருக்கிறாள். அம்மாவுக்குப் பேச்சு செத்துப்போனது இவரால்தான் என்பது அவள் முடிவு. அதைவிட, சட்டையோடு சிரித்துக்கொண்டு ஓடின அந்த ஓட்டத்தை அவளால் யாருக்கும் மன்னிக்க முடியவில்லை.

இன்று காலை, ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜெனோன் சொன்னார்: "அந்தக் கூடத்தைத் திறந்துட்டாங்களாம். ரொம்ப நாளா பூட்டியே வெச்சிருந்தாங்க. நான் போய் டாரெக்கைக் கூட்டிட்டு வந்துடறேன். என் உடம்பு இன்னொரு குளிர்காலம் தாங்காது." பிறகு மனைவியைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னார்: "நீ மேல நில்லு ப்ரோன்யா. ஒரே ஒரு வார்த்தை."

ப்ரோன்யா ரொட்டியை அறுத்து முடித்தாள். கத்தியைத் துடைத்தாள். பிறகு நடைக்குப் போய் வெளியே போடுகிற செருப்பை மாட்டினாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சொல்வாளா, மாட்டாளா என்பது யோலாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

கூண்டு வாசலில் சிக்னல் மணிக்குப் பக்கத்தில் எட்மண்ட் நின்றிருந்தான். டாரெக்கோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன், இப்போது மேஸ்திரி. மஞ்சள் தொப்பிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டு வந்தவன் ஜெனோனைப் பார்த்ததும் கையை நிறுத்தினான்.

"அண்ணே! டிக்கெட் வாங்கிட்டா வர்றீங்க? வெட்கமா இல்ல உங்களுக்கு?"

"ஊர்க்காரங்களைச் சும்மா விட்டா நீங்க எப்படிடா பொழைப்பீங்க?"

எட்மண்ட் சிரித்தான். அப்புறம் அவர் உதட்டின் நிறத்தைப் பார்த்தான், யோலாவைப் பார்த்தான், சிரிப்பை நிறுத்தினான். "எங்க வரைக்கும்?" என்றான்.

"அது வரைக்கும்," என்றார் ஜெனோன்.

எட்மண்ட் எந்தக் கூடம் என்று கேட்கவில்லை. "இறைவன் துணை," என்று அந்தச் சுரங்கத்து வணக்கத்தைச் சொல்லிக் கம்பிக் கதவைச் சாத்தினான்.

கீழே உப்புப் படிந்த மரத்தூண்களுக்கு நடுவே கூட்டம் ஊர்ந்தது. ஹூபெர்ட் காட்டுகிற இடத்தையெல்லாம் படம் எடுத்தார்கள். உப்பில் செதுக்கிய குள்ளர்கள், உப்பில் செதுக்கிய மாதா, அடியில் பச்சை விளக்குப் போட்ட குளம். வூட்ஜ் கிழவர் ஒருவர் நாக்கை நீட்டிச் சுவரை நக்கிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள் அவர் மனைவி.

"உன் சூப்புல போடுறதைவிடக் கம்மிதான்."

"அப்ப இங்கேயே இருந்து நக்கிக்கிட்டிரு. ராத்திரிச் சாப்பாடு மிச்சம்."

ஜெனோன் அடிக்கடி நின்றார். நிற்கும்போதெல்லாம் எதையோ பார்ப்பதுபோல் சுவரில் கை வைத்துக்கொண்டார். மூச்சு வாங்குவதை மகள் கவனிக்கக் கூடாதாம். யோலா கவனிக்காததுபோல் இருந்தாள். இங்கே வைத்துச் சண்டை போட்டால் அவர் மூச்சு இன்னும் வாங்கும்.

அந்தக் கூடத்தை இப்போது பளிங்குக் கூடம் என்கிறார்கள். கூரையிலிருந்து உப்புப் படிகம் கோத்த சரவிளக்குகள் தொங்கின. ஒரு பக்கம் மேடை, மறுபக்கம் மடித்து வைத்த விருந்து மேசைகள். சுவரோரம் வெள்ளை ரிப்பன் கட்டின நாற்காலிகள்.

"இங்க கல்யாணம்கூட நடத்தித் தர்றோம்," என்றான் ஹூபெர்ட். "மாப்பிள்ளை ஓடிப்போகணும்னா ஒரே ஒரு வழிதான், அதுலயும் லிப்ட்டுக்கு வரிசையில நிக்கணும்!"

"இங்க யாராவது செத்திருக்காங்களா தம்பி?" என்று சுவரை நக்கினவரின் மனைவி கேட்டாள்.

"இருக்காங்களே. போன மாசம் ஒரு அம்மா, என் ஜோக்கைக் கேட்டு."

அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது என்று யோலா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படியும் அவனை அறைய வேண்டும் போலத்தான் இருந்தது. ஜெனோன் அதைக் காதில் வாங்கவேயில்லை. கூடத்தின் குறுக்கே நடந்து, மேடைக்குப் பக்கத்தில், ரிப்பன் கட்டின நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தார். காலடியில் இருந்த தரையைப் பார்த்தார். பளபளவென்று மெழுகு தேய்த்த தரை.

"இங்கதான்," என்றார்.

யோலா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாகக் கேட்காததை இங்கேயும் கேட்காவிட்டால் இனி எங்கேயும் கேட்கப்போவதில்லை என்று தோன்றியது.

"அன்னைக்கு நீங்க ஓடிவந்தப்ப அவன் உயிரோட இருந்தானாப்பா?"

"இல்ல."

"போன்ல அம்மாகிட்ட பேசினப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். கையைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் பேசினேன்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் சட்டை எடுக்க ஓடினேன்ப்பா. சிரிச்சுக்கிட்டே ஓடினேன்."

மேடையில் யாரோ விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கீழ நின்னுக்கிட்டு நான் எப்படிம்மா அதைச் சொல்றது?" என்றார் ஜெனோன். "என் வாயால சொன்னா இங்கேயே முடிஞ்சுபோயிடுவான்னு இருந்துச்சு. கூண்டு வரைக்கும் அவன்கூட பேசிக்கிட்டே வந்தேன். அவன் சின்ன வயசுல கேட்டதையெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தேன். தலை குனிடான்னேன், பலகை வழுக்கும்னேன். எனக்கும் அது வேண்டியிருந்துச்சு. உங்கம்மாகிட்ட நான் சொன்னது தப்புதான். அவளுக்கு அது தெரிஞ்ச வழக்கம் இல்லையே. ஆனா இப்ப கேட்டாலும் கீழ நின்னுக்கிட்டு வேற மாதிரி சொல்ல எனக்கு வராது."

"நீலச் சட்டையை…"

"தெரியும். அதைத்தானே போட்டு அனுப்பினோம். நல்ல வேளை, நீ கொண்டு வந்தே."

அவ்வளவு சாதாரணமாக அவர் அதைச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷமாக அந்தச் சட்டையைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

ஹூபெர்ட் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னான். விளக்கு அணையப்போகிறது, இசையோடு ஒளிக்காட்சி. இருட்டு வந்தது. ஜெனோன் கையை நீட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையைத் தரைப் பக்கம் தாழ்த்தினார். ஒரு ஆளை எழுப்பிவிடக் கை கொடுப்பதுபோல் இருந்தது அது. "வாடா டாரெக்," என்று மெதுவாகச் சொல்வது கேட்டது. "அம்மா மேல நிக்கறா. கிளம்பலாம்." அதற்குள் எங்கிருந்தோ வயலின்கள் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டன. கூரையில் நீலமும் ஊதாவுமாக வெளிச்சம் ஓடியது. கூட்டம் ஆகா என்றது.

விளக்கு வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். "எழுந்திருங்கப்பா, போறாங்க," என்றாள் யோலா. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் அவள் நினைத்தாள். கையை இழுத்தபோது தலை சரிந்தது. அவள் மாட்டிவிட்ட கொக்கி சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது, மஞ்சள் தொப்பி கழன்று பளபளத்த தரையில் உருண்டு போனது. வூட்ஜ் அம்மாள் அதைக் குனிந்து எடுத்து, "தாத்தா தூங்கிட்டாரு பாருங்க," என்று சிரித்தாள். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

ஹூபெர்ட் சுவரில் இருந்த சிவப்பு அபாயப் பொத்தானை அழுத்திவிட்டுக் கூட்டத்தை அடுத்த கூடத்துக்கு ஓட்டினான். முதலுதவிக்காரர் ஒருவர் பையோடு ஓடிவந்தார். ஜெனோனைத் தரையில் கிடத்தி மார்பை அழுத்தினார், இதயத்தை உசுப்புகிற மின்கருவியை ஒட்டினார், மறுபடி அழுத்தினார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. எட்மண்ட் இரண்டு ஆட்களோடு வந்து சேர்ந்தபோதும் அழுத்திக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் ஒரு கட்டத்தில் கையை எடுத்தார். எட்மண்டை நிமிர்ந்து பார்த்தார்.

"போயிட்…" என்று யோலா ஆரம்பித்தாள்.

"யோலா," என்றான் எட்மண்ட். அதட்டலாகவும் இருந்தது, கெஞ்சலாகவும் இருந்தது.

அவன் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான், சுரங்கத் தொப்பி, விளக்கோடு கூடியது. அதை ஜெனோனின் தலையில் வைத்து வாரை மாட்டினான். ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். "அண்ணே, கிளம்பறோம்," என்றான். பிறகு யோலாவிடம் சொன்னான்: "நீதான் பேசணும். பெத்த பொண்ணு இருக்கும்போது நான் பேசக்கூடாது."

"எனக்கு வராது எட்மண்ட். எனக்கு இதுல நம்பிக்கையே இல்ல."

"எனக்கு மட்டும் இருக்குன்னு நினைக்கிறியா? பேசு."

அவள் பேசவில்லை. ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நடந்தாள். ஆட்களின் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. எட்மண்ட்தான் வேறு வழியில்லாமல், "இங்க குனிங்க அண்ணே," "இடது பக்கம் அண்ணே," என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தான். பச்சைக் குளத்தையும் உப்பு மாதாவையும் கடந்தார்கள். பின்னால் எங்கோ இன்னொரு கூட்டம் எதற்கோ சிரித்தது.

கூண்டு நிற்கும் இடத்துக்கு வந்தபோது சுவரில் மாட்டியிருந்த தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எட்மண்ட் எடுத்தான். காதில் வைத்துக் கேட்டான். பிறகு ரிசீவரை யோலாவிடம் நீட்டினான்.

"உங்கம்மா. அபாய மணி மேல கேட்டிருக்கு. கூண்டை ஓட்டற பொண்ணு கையிலேர்ந்து போனைப் பிடுங்கிட்டாங்களாம்."

யோலா வாங்கிக்கொண்டாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அம்மாவின் குரல்.

"உங்கப்பாவுக்கு என்ன?"

அன்றும் இதே தொலைபேசிதான். கறுப்பு, கனமானது. பிளாஸ்டிக் ஒரு மூலையில் உடைந்திருந்தது. அப்பா அன்று இங்கே நின்று, இதைக் காதில் வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார். அன்று அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யோலா எத்தனையோ இரவு யோசித்திருக்கிறாள். டாரெக் செத்துட்டான். இரண்டே சொல். அதைச் சொல்ல இவ்வளவு பெரிய மனுஷனுக்குத் தைரியம் இல்லையே என்று பல்லைக் கடித்திருக்கிறாள். இப்போது அதே இடத்தில் அவள் நின்றாள். அம்மாவிடம் இரண்டாவது முறையும் பொய் சொல்லக்கூடாது, அது ஒன்றுதான் தெரிந்தது. ஆனால் ஸ்ட்ரெச்சர் ஒரு கை தூரத்தில் இருந்தது. எட்மண்டும் மற்ற இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா செத்துட்டாரு என்ற இரண்டு சொல்லை இங்கே நின்று சொன்னால் அவை அவர் காதில் விழும் என்று அவளுக்குப் பட்டது. அபத்தம் என்று தெரிந்தும் அப்படித்தான் பட்டது.

"யோலா?"

"அப்பாவைக் கூட்டிட்டு வரேம்மா," என்றாள்.

மறுமுனையில் மூச்சு நின்றது.

"நீ ஓடாதே," என்றாள் யோலா அவசரமாக. "வீட்டுக்கு யாரையும் அனுப்பாதே. சட்டை கிட்டை எதுவும் எடுத்துட்டு வரவேணாம். கேக்குதாம்மா? எதுவும் வேணாம்."

கூண்டுக் கயிறு எங்கோ மேலே அதிர்கிற சத்தம் கம்பி வழியாகக் கேட்டது.

"சரி," என்றாள் ப்ரோன்யா. "கோட்டு என் கையில இருக்கு."

யோலா ரிசீவரை மாட்டினாள். அழுகை வந்தது, அழுதாள். எட்மண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு மணியை அடித்தான்.

ஸ்ட்ரெச்சரை வைத்ததும் கூண்டில் இடமே இல்லை. தூக்கி வந்த ஆட்கள் இருவரும் கீழேயே நின்றுகொண்டார்கள். யோலா அப்பாவின் தலைமாட்டில் ஒடுங்கி நின்றாள். கூண்டு ஒரு குலுக்கலோடு கிளம்பியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, ஏறிட்டிருக்கோம்," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "கொஞ்சம் ஆடும். உங்களுக்குத் தெரியாததா." சுவரில் தண்ணீர் வழிந்தது. "மேல மழை பெய்யுதுன்னு நினைக்கிறேன். கோட்டு இருக்கு, பயப்படாதீங்க." என்ன பேசுவதென்று தெரியவில்லை. காலையில் அவர் பாதி சாப்பிட்டு வைத்த ரொட்டியைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக் கூரையில் ஓடு மாற்றவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். கல்லறைக்கு வராததற்காக அவரைத் திட்டினதெல்லாம் மனதுக்குள்தான், வாய்விட்டு அல்ல என்று சொன்னாள். பிறகு நிறுத்தினாள். மேலே ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய ஆரம்பித்திருந்தது.

எட்மண்ட் இருக்கிறானே என்று ஒரு நொடி கூச்சமாக இருந்தது. அப்புறம் அதுவும் போனது.

"டாரெக், நீயும் நல்லா ஒட்டி நில்லு," என்றாள். "இடம் கம்மி. வந்துடப்போறோம்."

எட்மண்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூண்டு நின்றது. கம்பிக் கதவுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஆட்கள், டாக்டர், கூண்டுக்காரப் பெண், இன்னும் யார் யாரோ. எல்லோருக்கும் முன்னால் ப்ரோன்யா. கோட்டை இரண்டு கையாலும் தோள்பட்டையில் பிடித்து, போட்டுக்கொள்ள வசதியாக விரித்து வைத்திருந்தாள். கதவு திறந்ததும் டாக்டர் முன்னால் வந்தார். அவள் அவரை முழங்கையால் தள்ளினாள்.

ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. அவள் கோட்டை அவர் மேல் போர்த்தினாள். காலரை இழுத்துவிட்டாள். மேல் பொத்தான் மாட்ட மறுத்தது, இரண்டு முறை முயன்று மாட்டினாள். எட்மண்டின் தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளி முகத்தைப் பார்த்தாள்.

"வந்தாச்சு ஜெனெக்," என்றாள் ப்ரோன்யா. கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயராக இருக்க வேண்டும், யோலா அதை அவள் வாயிலிருந்து கேட்டதேயில்லை. "மேல வந்தாச்சு."

அதற்குப் பிறகுதான் டாக்டர் குனிந்தார். குனிந்து, நிமிர்ந்து, கைக்கடிகாரத்தில் மணியைப் பார்த்தார். எட்மண்ட் மார்பில் சிலுவை வரைந்துகொண்டான். ஸ்ட்ரெச்சரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். மழையின் இரைச்சல் உள்ளே வந்தது. யோலா பின்னாலேயே இரண்டடி போனவள், அம்மா வரவில்லை என்று திரும்பிப் பார்த்தாள்.

கூண்டுக்காரப் பெண் கதவைச் சாத்தக் கை வைத்திருந்தாள். ப்ரோன்யா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றாள்.

கூண்டுக்குள் யாரும் இல்லை. ஈரத் தரையும், கூரையில் ஒரு மங்கல் விளக்கும்தான். ப்ரோன்யா உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலை மறைத்துக்கொண்டு நிற்பது உறைத்தவளாக ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து நின்றாள்.

"வந்தாச்சு டாரெக்," என்றாள். வேலை முடிந்து நேரம் கழித்து வருகிற மகனிடம் சொல்கிற குரல்தான் அது.

இன்னும் கொஞ்சம் நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்ப சாத்திக்கோ."

கதவு சாத்திக்கொண்டது. கயிறு கட்டின தடுப்புக்கு அந்தப் பக்கம், மஞ்சள் தொப்பி போட்ட அடுத்த கூட்டம் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.